தாழ்ப்பாளுக்குப் பயந்த மதலைமேரி அக்கா

மதலைமேரி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஆபீஸ் டிரைவர் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். நெஞ்சு வலி என்று முந்தின நாள் சேர்ந்தவர், காலையில் டீ குடித்துவிட்டுச் சாய்ந்தவர், எழுந்திருக்கவே இல்லையாம். அதைக் கேட்டதும் என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "அவங்க இருந்த ரூம் கதவு தொறந்து இருந்துச்சா?" என்பதுதான். டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. பொது வார்டு, ஊரே போய் வருகிற இடம், அதற்கு ஏது கதவு என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் தெரியும். அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பார்த்த மனிதர்களிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி மதலைமேரி அக்காதான். இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று ஆபீசில் முணுமுணுக்கிறார்கள். எழுதத்தான் வேண்டும். அஞ்சா நெஞ்சம், இரும்பு மனுஷி என்றெல்லாம் யாருக்கோ எழுதுகிற மாதிரி எழுதினால் அவரே எழுந்து வந்து சிரிப்பார். அவருக்குக் கடலென்றால் பயம், நாயென்றால் பயம், கரண்ட் போனால் பயம். எல்லாவற்றுக்கும் மேலே தாழ்ப்பாளென்றால் பயம். அத்தனை பயத்தையும் சுமந்துகொண்டு அவர் செய்த ஒரு காரியத்தால்தான் இன்று நானும் என் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறோம்.

எங்கள் குப்பம் கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும். சுனாமி அன்று காலை என் வீடு போயிற்று. மரக்காணம் கடைத்தெருவில் டைப் அடித்துக்கொண்டிருந்த நான், ஒரு தொண்டு நிறுவனம் திறந்த வரைபட ஆபீசில் சேர்ந்தேன். கரையோரத்து ஊர்களை எல்லாம் கம்ப்யூட்டரில் படமாக ஏற்றுவது வேலை. புது வீடுகள் எங்கே, ரோடு எங்கே, அடுத்த முறை தண்ணீர் வந்தால் எப்படி ஓடுவது என்று முடிவு செய்வதற்கு அந்தப் படம் வேண்டும். அங்கேதான் அக்கா வந்து சேர்ந்தார். பாண்டிச்சேரியில் கட்டட வரைபடங்களை ட்ரேஸ் எடுத்துக்கொண்டிருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உப்பளத்துக்கு மேற்கே, அடுத்த ஊரில் அம்மாவோடும் தம்பி குடும்பத்தோடும் இருந்தார். அவர்கள் வீட்டுக்கு அந்த ஊரில் சாவிக்காரர் வீடு என்று பெயர். ஏன் அப்படி ஒரு பெயர் என்று யாருக்கும் தெரியாது. ஊரில் எத்தனையோ வீடுகளுக்கு எத்தனையோ பெயர்.

ஆபீஸ் பாத்ரூமுக்குப் போனால் அவர் தாழ்ப்பாள் போட மாட்டார். ஒரு வாளித் தண்ணீரைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று மாதா பாட்டைச் சத்தமாகப் பாடுவார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். "சிரிங்கம்மா, நல்லா சிரிங்க. எங்க ஊட்டுல ஒரு கதவுக்கும் பூட்டு கெடையாது. எங்க அப்பாவ பெத்த ஆத்தாவுக்கும் இந்த பயம் இருந்துச்சு. ஏன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது" என்பார். சாவிக்காரர் வீட்டில் பூட்டே இல்லையா என்று நான்தான் அதிகமாகக் கிண்டல் செய்வேன். அவருடைய தம்பிக்குத் தைரியநாதன் என்று பெயர். ஊட்டுல இருந்த தைரியம் மொத்தத்தையும் அவன் பேருக்கே கொடுத்துட்டாங்க, எனக்கு மிச்சம் வைக்கல என்பார் அக்கா.

வேலையில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மற்றவர்கள் எல்லாம் ஊருக்குள் போய்க் கிணறு எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்பார்கள். அக்கா மட்டும், "எங்க போறதுக்கு உங்களுக்கு பயமா இருக்குது?" என்று கேட்பார். அவர்கள் காட்டிய இடத்தில் ஜிபிஎஸ் கருவியை வைத்துப் பதிந்து, கம்ப்யூட்டரில் சிவப்புப் புள்ளி வைப்பார். மேலே இருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பயத்தை வரைபடத்தில் எப்படி ஏற்றுவது என்று கேட்டார்கள். ஏறுது சார், பாருங்க என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்து இன்னொன்று செய்தார். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களின் இடுப்பில் அந்தக் கருவியைக் கட்டிவிட்டு, நாள் முழுக்க அவர்கள் நடந்த வழியைக் கோடாக எடுத்தார். தண்ணீர் வந்து விரட்டும்போது மூளை வேலை செய்யாது, கால் பழகின வழியில்தான் ஓடும், அந்த வழி எது என்று தெரிந்தால்தான் மேட்டுக்குப் பாதை போட முடியும் என்பது அவர் கணக்கு. சுனாமி அன்று நான் ஓடியதும் அப்படித்தான். அதனால் எனக்கு அது சரியென்று பட்டது.

கோடுகள் எல்லாம் திரையில் ஒன்றாக வந்த அன்று மத்தியானம் நான் அவர் பக்கத்தில் இருந்தேன். பாத்தியிலிருந்து உப்பைக் கூடையில் அள்ளி, ரோட்டோரத்தில் குவித்த உப்பு அம்பாரத்துக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோகிற வழி அது. நேராகப் போனால் கொஞ்ச தூரம். ஆனால் எல்லாக் கோடுகளும் பாதி வழியில் வளைந்து, ஒரு வெற்றிடத்தைச் சுற்றிக்கொண்டு போய், மறுபடியும் நேராகின. ஒரு கோடுகூட அந்த இடத்துக்குள் போகவில்லை.

அங்கே பள்ளமா என்று அக்கா கேட்டார். பெரிய பள்ளம் ஒன்றும் இல்லை, லேசான தாழ்வு, வெறும் பொட்டல் என்றேன். முள் இருக்கிறதா? இல்லை. யாராவது போகக் கூடாது என்று சொன்னார்களா? யாரும் சொன்னதில்லை. கல்யாணம் ஆகிற வரைக்கும் நானே அந்த வழியில் உப்புச் சுமந்தவள். எனக்குத் தெரியாதா? தலையில் கூடையோடு போகிற எவளும் ஓர் அடிகூட வீணாக நடக்க மாட்டாள். அப்படி இருக்க, நானும் சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறேன். எனக்கு முன்னால் போனவள் வளைந்து போனாள், அவள் பின்னால் நானும் போனேன். என் கால் எனக்குத் தெரியாமல் எதற்கோ இத்தனை வருஷம் பயந்திருக்கிறது என்று திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த இடத்துக்குப் பெயர்கூட இல்லை. எங்கள் அளத்தில் ஒவ்வொரு வரப்புக்கும் வாய்க்காலுக்கும் பெயர் உண்டு. இதற்கு ரெவின்யூ ரெக்கார்டில் ஒரு நம்பர் மட்டும்தான். எங்களுக்குப் புது வீடு கட்டுவதற்கு என்று ஒதுக்கப்பட்ட புறம்போக்கு இதுதான் என்பதை அக்கா அந்த நம்பரை வைத்துத்தான் கண்டுபிடித்தார். காலியாக இருக்கிறதே என்று மேலிடத்தில் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்ட ஆள் வருவதாக இருந்தது.

மழைநீர் முன்பு எந்த வழியாக வடிந்தது என்று பார்ப்பதற்காக, வெள்ளைக்காரர் காலத்து உப்பளப் படங்களை ஸ்கேன் செய்து சிடியில் சென்னையிலிருந்து வரவழைத்திருந்தோம். அக்கா அதில் ஒரு படத்தை எடுத்து, சாட்டிலைட் படத்தின் மேல் வைத்தார். இரண்டு காலத்திலும் இடம் மாறாத மாதா கோயில், ஈசுவரன் கோயில் குளம், கால்வாயின் திருப்பம் ஆகியவற்றை ஒன்றின்மேல் ஒன்றாகக் குண்டூசி குத்துவதுபோல் பொருத்தினார். பழைய படம் இழுபட்டு, நெளிந்து, வந்து உட்கார்ந்தது. பெண்களின் கோடுகள் வளைந்த இடத்துக்கு நடுவில் ஒரு கறுப்புச் சதுரம். பக்கத்தில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் லாக்கப் என்று எழுதியிருந்தது. அதற்குச் சில வருஷம் பிந்தைய இன்னொரு படத்தையும் அதே மாதிரி பொருத்தினார். அதில் சதுரம் இல்லை. புள்ளி புள்ளியாக ஒரு வட்டமும், பிணம் புதைத்த குழி என்ற குறிப்பும் இருந்தன. எங்கள் பெண்களின் காலடிக் கோடுகள் அந்த வட்டத்தை ஒட்டியே போயின.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது. யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது, திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகல்தான். ஆனாலும் எனக்கு அங்கே இருக்க முடியவில்லை, எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. அவர் முகம் பேயறைந்தது போல் இருந்தது. லாக்கப் என்ற எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "எங்க ஊட்டு பேரு சாவிக்காரர் ஊடு, கலா" என்றார்.

மறுநாள் அவர் தம்பியைப் பார்க்கப் போனோம். தைரியநாதன் அதே அளத்தில் கங்காணி. எங்கள் பெண்கள் பாதிப் பேருக்கு வேலை கொடுப்பவர். அக்கா விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்துக்கொண்டே போயிற்று. முதலில் தெரியாது என்றார். பிறகு வாசல் பக்கம் பார்த்துவிட்டு, அப்பா சாகும்போது தன்னிடம் மட்டும் சொன்னதைத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அப்போது உப்பு சர்க்கார் சொத்து. தரையில் தானாகப் பூத்த உப்பைச் சுரண்டினாலும் குற்றம். ஒரு பஞ்சத்தில் உள்நாட்டு ஊர்களிலிருந்து பசியோடு வந்த ஜனங்கள், ஆண்களும் பெண்களுமாக, உப்பு மண்ணைச் சுரண்டிப் பிடிபட்டிருக்கிறார்கள். அளத்து நடுவில் இருந்த கொட்டடியில் போட்டுப் பூட்டினார்கள். பூட்டச் சொன்ன வெள்ளைக்கார அதிகாரி புயல் எச்சரிக்கை வந்ததும் வண்டி ஏறிவிட்டார். சாவி காவலாளி இடுப்பில் இருந்தது. அந்தக் காவலாளி இவர்களுடைய முப்பாட்டனார். கடல் உள்ளே ஏறியதும் அவர் பயந்துபோய் வீட்டுக்கு ஓடிவிட்டார். சாவியும் அவரோடு ஓடிவந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு போய்க் கதவைத் திறந்திருக்கிறார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பூட்டு கிடையாது.

சொல்லி முடித்ததும் தைரியநாதன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். இது வெளியே போனால் அளத்தில் ஒருத்தி தன் முகத்தில் முழிக்க மாட்டாள், பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம், கொலைகாரர் வீடு என்று பெயர் மாறிவிடும் என்று கெஞ்சினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா, "ஆம்பளைங்களுக்கு கதைய குடுத்தாங்க. எங்களுக்கு பயத்த மட்டும் குடுத்தாங்க" என்றார்.

இந்த இடத்தில் என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வீடு வேண்டும். சுனாமிக்குப் பிறகு போட்டுக்கொடுத்த தார் ஷீட் கொட்டகையில் வெயில் காலத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தவர்களைக் கேட்டால் தெரியும், உள்ளே ரொட்டி வேகும். அந்த இடத்தை விட்டால் வேறு இடம் எப்போது கிடைக்குமோ, மழைக்கு முன்னால் வீடு வருமோ வராதோ. படத்தைக் காட்ட வேண்டாம், வீடு கட்டட்டும், பூசாரியையும் மாதா கோயில் சாமியாரையும் கூப்பிட்டு எல்லா மந்திரமும் சொல்லிக்கொள்ளலாம் என்று அக்காவிடம் சண்டையே போட்டேன். செத்தவர்களுக்கு நியாயம் கிடைக்க நாங்கள் ஏன் வெயிலில் வேக வேண்டும் என்றும் கேட்டேன். அது நியாயமான கேள்விதான்.

அவர் கோபப்படவில்லை. "பேய்க்கு நான் பயப்படல கலா. தண்ணிக்குதான் பயப்படறேன். அந்த எடத்துல தண்ணி ஏறுச்சுன்னா நிக்காம ஏறும், அது ஒரு தடவ காட்டிடுச்சு. அன்னிக்கு உள்ள இருந்தவங்களுக்கு கதவு பூட்டி இருந்துச்சு. உன் ஊட்டுக்கும் கதவு வெப்பாங்க இல்ல? ராத்திரி புள்ளைங்கள உள்ள படுக்க வெச்சிட்டு நீ தாப்பா போடுவ இல்ல?" என்றார்.

கூட்டத்துக்குப் படம் தயார் செய்ய நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஒரு வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி அதில் படத்தைக் காட்டினோம். கூட்டம் வாசல் வரைக்கும் நிரம்பி வழிந்தது. வெளிச்சம் வருகிறதென்று யாரோ கதவைச் சாத்தப் போக, அக்கா, சாத்தாதீங்க சாத்தாதீங்க என்று பதறினார். அதனால் படம் மங்கலாகத்தான் தெரிந்தது. திரையில் அம்பு இங்கும் அங்கும் ஓடியது. ஆனாலும் முழுக்கச் சொன்னார். பெண்களின் கோடுகளைக் காட்டினார். எங்கள் பெண்கள் அவரவர் கோட்டைக் கண்டுபிடித்து, இது நான், அது நீ என்று முதலில் சிரித்தார்கள். வளைவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பிறகு பழைய படத்தைக் கொண்டுவந்து அதன் மேல் உட்கார வைத்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வெள்ளைக்காரன் செய்த அநியாயம் என்று முடித்திருந்தால் எல்லோரும் உச்சுக்கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். தைரியநாதனும் சுவரோரம் அதை எதிர்பார்த்துத்தான் நின்றார். அக்கா அவரைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "பூட்ட சொன்னவன் வெள்ளக்காரன். சாவி எங்க ஊட்டு ஆளு இடுப்புல இருந்துச்சு. நான் அந்த ஊட்டு பொண்ணு. அதான் சொல்றேன், அங்க ஊடு கட்டாதீங்க" என்றார்.

தைரியநாதன் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனார். அன்றிலிருந்து அக்காவோடு பேசவில்லை. அம்மாவும் தம்பியோடு இருந்துவிட, அக்கா பாண்டிச்சேரி பக்கத்தில், பெரிய முதலியார்சாவடி என்ற ஊரில் ஒரு ரூம் எடுத்துத் தங்கினார். வீட்டுக்காரர் பூட்டும் சாவியும் கொடுத்தார். அவர் அந்தப் பூட்டை ஜன்னலில் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருந்தார்.

வீடு கட்டும் இடம் ரோட்டை ஒட்டிய மேட்டுக்கு மாறியது. பேப்பர் வேலையெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. நான் பயந்தபடியே மழைக்கு முன்னால் வீடு வரவில்லை. கொட்டகையில் தண்ணீர் ஒழுகியது, என் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் விடவே இல்லை. எங்கள் குப்பத்தில் அக்காவைத் திட்டாத வாய் இல்லை. அவர் ஒவ்வொரு மழைக்கும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். திட்டுகளை வாங்கிக்கொண்டார், இடி இடித்தால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வருஷம் மழை விடாமல் கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலை, ஏரி உடைத்துக்கொண்டு உப்பளத்துக்குள் வந்துவிட்டது என்று சத்தம் கேட்டு எல்லோரும் ரோட்டு மேட்டுக்கு ஓடினோம். அங்கிருந்து பார்த்தால் அளம் முழுக்க ஒரே வெள்ளம். வரப்புகளின் தலை அங்கங்கே தெரிந்தது. பழைய குழி உள்வாங்கியதோ என்னவோ, அந்தப் பொட்டலில் மட்டும் தண்ணீர் சுழித்துக்கொண்டு நின்றது. வாய்க்காலோரம் நட்டிருந்த கரண்ட் கம்பம் அங்கே அடித்து வரப்பட்டு, உள்ளே போய், மறுபடியும் வெளியே வரவில்லை. என் வீட்டுக்குக் கடைக்கால் தோண்ட இருந்த இடம். நான் பிள்ளைகள் இருவரையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்குக் கொஞ்சம் தள்ளித் தைரியநாதனும் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறு வருஷம் மேட்டில் வீடு வந்தது. சாவி கொடுக்கிற விழாவுக்கு அக்காவும் வந்தார். என் வீட்டுக் கதவை நான் முதல்முறை பூட்டித் திறந்து பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ஆயிடுச்சா, தொறந்துட்டியா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஒரு டம்ளர் காபி குடித்தார். நல்லா காத்து வருது என்றார். என் வீட்டில் அவர் இருந்தது அந்த ஒரு முறைதான்.

அடக்கம் அவர் ஊரிலேயே நடந்தது. தம்பி வந்து உடலை எடுத்துப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோது எனக்குத் திக்கென்றது. என்ன மனசில் வைத்துக்கொண்டு எடுத்துப் போனாரோ. சாவிக்காரர் வீட்டு வாசலில் பெட்டி வைத்திருந்தது. எங்கள் குப்பத்துப் பெண்கள் ஒருத்தி விடாமல் வந்திருந்தார்கள். திட்டியவர்கள்தான் அதிகமாக அழுதார்கள். தைரியநாதனின் அளத்தில் அன்று வேலை இல்லை. கல்லறைத் தோட்டத்தில் சாமியார் ஜெபம் முடித்தார். மூடியைப் பெட்டியின் மேல் வைத்தார்கள். தச்சர் வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு சுத்தியலை எடுத்தார்.

வேண்டாம் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அது என் வீட்டுச் சாவு இல்லை, நான் யார் சொல்வதற்கு என்று நின்றுவிட்டேன். அதற்குள் தைரியநாதன் குனிந்து மூடியின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்தார்.

"ஆணி அடிக்காதீங்க" என்றார். "எங்க அக்காவுக்கு பயம்."

தச்சர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் தலையாட்டினார். வாயில் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார் தச்சர். மூடியை அப்படியே வைத்து, கயிறு கட்டி மெதுவாக இறக்கினார்கள். மூடி நகராமல் இருக்க, கை எட்டிய வரைக்கும் தைரியநாதன் அதைப் பிடித்துக்கொண்டே மண்ணில் படுத்துவிட்டார்.

போய் வாருங்கள் அக்கா. உங்களுக்கு யாரும் பூட்டு போடவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கதவு திறந்துதான் இருக்கிறது.